காற்றின்மையும் அனுமதியும்

செய்ய வேண்டியவை அனைத்தையும் ஒருவர் செய்து முடித்த பின்னரும் பலன் வராமல் நின்றுவிடுமானால், அதுவரை செய்த முயற்சிக்கு என்ன பொருள் என்பது, வினையைப் பற்றி எண்ணிப் பார்த்த எல்லாச் சமய மரபுகளும் ஏதேனும் ஒரு வடிவில் எதிர்கொண்ட கேள்வியாகும். அன்றாட வாழ்வில் இக்கேள்வியைத் தனியே பிரித்து ஆராய்வது எளிதன்று. பலன் தவறும்போதெல்லாம் முயற்சியில் எங்கோ குறை இருந்திருக்கலாம் என்ற ஐயமும், யாரோ குறுக்கே நின்றிருக்கலாம் என்ற ஐயமும் கூடவே எழுந்து ஆராய்ச்சியைக் குழப்பிவிடுகின்றன. இவ்விரண்டு ஐயங்களுக்கும் இடம் தராத ஒரு நிலை வேண்டுமானால், பாயை மட்டுமே நம்பிச் செல்லும் படகு ஒன்று நடுக்கடலில் காற்றின்றி நிற்பதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே படகு பழுதுபட்டிருக்கவில்லை, செலுத்துபவர் திறமையற்றவர் அல்லர், எதிரி என்று சொல்லத்தக்கவரும் இல்லை; வர வேண்டிய ஒன்று வரவில்லை என்பது மட்டுமே உண்மை. ஒருவரோ இருவரோ மட்டும் செலுத்தும் நெடுங்கடல் ஓட்டங்களில், உழைப்பைப் பகிர்ந்துகொள்ளவும் பொறுப்பைச் சுமத்தவும் வேறு ஆள் இல்லாமையால், இந்நிலை இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது.

இக்கேள்விக்கு வேதாந்தத்தின் வழியில் நுட்பமான விடை ஒன்றைத் தந்தவர் இராமானுஜர். மரபு வழங்கும் கணக்கின்படி 1017இல் அவர் தோன்றிய ஊர் ஸ்ரீபெரும்புதூர். அவ்வூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவருடைய திருவுருவம் 'தானுகந்த திருமேனி' என்று போற்றப்படுகிறது. அதே ஊரை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இன்று பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளிலோ, முயற்சிக்கும் பலனுக்கும் இடையே இடைவெளியே இருக்கக் கூடாது என்னும் வேறொரு கோட்பாடு நாள்தோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. இவ்விரண்டு கோட்பாடுகளையும் காற்றில்லாக் கடலின் முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்சாலையின் கோட்பாடு

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ–நிசான் கூட்டு ஆலையும், 2012இல் டெய்ம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் கனரக வாகன ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. இத்தகைய ஆலைகளின் உள்ளே வேலையை ஆள்வது 'டாக்ட் நேரம்' எனப்படும் கால அளவாகும். அதாவது, சந்தைக்கு வேண்டிய எண்ணிக்கையைக் கிடைக்கும் வேலை நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு வண்டியும் ஒரு நிலையத்தைக் கடக்க எத்தனை நொடி எடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் இம்முறையை வளர்த்தெடுத்த தாயிச்சி ஓனோ, உற்பத்தியில் நேரும் வீண்களை ஏழாக வகுத்தபோது காத்திருத்தலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். உதிரிபாகம் வராமல் ஒரு தொழிலாளி கைகட்டி நிற்கும் நொடிகள் இம்முறையில் இழப்பாகவே எழுதப்படும். 'லைன் நின்றுவிட்டது' என்ற சொற்றொடர் அங்கே ஒரு விபத்தின் அறிவிப்பாகவே ஒலிக்கும்.

இம்முறையின் திறமையை மறுக்க இயலாது. ஆயினும் அதன் அடியில் ஒரு மெய்யியல் எடுகோள் இருக்கிறது: பலன் என்பது முயற்சியின் தொடர்ச்சி மட்டுமே, இரண்டுக்கும் நடுவே வேறெவருடைய இசைவும் தேவையில்லை, ஆகவே பலன் நின்றால் யாரோ தம் பங்கைச் செய்யத் தவறிவிட்டார் என்பதே பொருள். முயற்சியை விலையாகவும் பலனைச் சரக்காகவும் கொள்ளும் இவ்வெண்ணம் ஆலைச் சுவர்களோடு நின்றுவிடுவதில்லை. வேண்டுதலுக்கு ஈடாக இன்ன காணிக்கை என்று பேசும் பக்தியிலும், இத்தனை மணி நேரம் படித்தால் இத்தனை மதிப்பெண் உறுதி என்று நம்பும் கல்வியிலும் இதே கணக்குதான் நடக்கிறது.

அமைதி மண்டலம்

பூமத்திய ரேகையை ஒட்டிய கடற்பகுதியில் வெயிலால் சூடேறிய காற்று மேலெழுந்துவிடுவதாலும், வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் வியாபாரக் காற்றுகள் அங்கே ஒன்றையொன்று சந்தித்து மேல்நோக்கித் திரும்பிவிடுவதாலும், நீர்ப்பரப்பின் மீது கிடைமட்டமாக வீசும் காற்று மிகவும் மெலிந்துவிடுகிறது. புவியியல் நூல்கள் இதனை அமைதி மண்டலம் என்கின்றன. பருவத்துக்கு ஏற்ப வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டிருக்கும் இப்பட்டையின் அகலம் நாளுக்கு நாள் மாறுவதால், எந்தத் தீர்க்க ரேகையில் நுழைந்தால் விரைவில் வெளியேறலாம் என்பதை அனுபவம் மிக்க மாலுமியாலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

2022 செப்டம்பர் 4ஆம் நாள் பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கோல்டன் குளோப் பந்தயம், தனியொருவராக, எங்கும் நிற்காமல், உலகைச் சுற்றிவந்து அதே துறைமுகத்தை அடைய வேண்டிய பந்தயமாகும். 1968இல் நடந்த முதற்பந்தயத்தின் நினைவாக, அக்காலத்துக் கருவிகளையே இதில் பயன்படுத்த வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டிக்கு இடமில்லை. அடிவானத்திலிருந்து சூரியனோ விண்மீனோ நிற்கும் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைக் கொண்டே இருக்குமிடத்தைக் கணக்கிட வேண்டும். 16 பேர் புறப்பட்ட இப்பந்தயத்தை முழு விதிகளின்படி முடித்தவர்கள் மூவரே. தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் 2023 ஏப்ரல் 27ஆம் நாள் முதலாவதாகவும், இந்தியக் கடற்படையின் ஓய்வுபெற்ற கமாண்டர் அபிலாஷ் டோமி ஏப்ரல் 29ஆம் நாள் இரண்டாவதாகவும் வந்து சேர்ந்தனர். அட்லாண்டிக்கில் வடக்கு நோக்கித் திரும்பும் வழியில் நாய்ஷேஃபரின் படகு காற்றின்மையில் நீண்ட நேரம் அகப்பட்டுக்கொண்டது. முடிவுக்கோட்டை நெருங்கிய இறுதிக் கட்டத்திலும் காற்று மெலிந்து அவரைத் தாமதப்படுத்தியது. ஏறத்தாழ எட்டு மாதம் ஓடிய பந்தயத்தில் முதல்வரையும் இரண்டாமவரையும் பிரித்தது இரண்டு நாளுக்கும் குறைவான நேரம்.

போட்டியாக அல்லாமல் உலகைச் சுற்றும் கடலோட்டத்தை இருவராக முடித்தவர்கள் இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபா அழகிரிசாமியும். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து 56 அடி நீளமுள்ள தாரிணி என்னும் பாய்மரப் படகில் புறப்பட்ட இவர்கள், ஃபிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைமுகங்களில் தங்கி, 2025 மே 29ஆம் நாள் கோவாவுக்குத் திரும்பினர். ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர். தெற்கே செல்லும்போது ஒருமுறையும் வடக்கே திரும்பும்போது ஒருமுறையுமாகப் பூமத்திய ரேகையைக் கடக்க வேண்டிய இவ்வழியில், அமைதி மண்டலம் இருமுறை குறுக்கிடுகிறது.

காற்றில்லாதபோது செய்யப்படுவது

காற்று நின்றால் படகில் இருப்பவருக்கு ஓய்வு கிடைக்கும் என்று கரையில் இருப்போர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு எதிர்மாறானது. கோல்டன் குளோப் பந்தயப் படகுகளில் சுக்கானைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி, பின்புறம் நிறுத்தப்பட்ட ஒரு தகட்டின் மீது காற்று மோதும் விசையால் இயங்குவது. காற்று மெலிந்தால் அத்தகடு செயலிழக்கும். அப்போது மணிக்கணக்கில் சுக்கானைக் கையால் பிடிக்க வேண்டியவர் மாலுமியே. பலத்த காற்றில் நூறு கடல்மைல் ஓடும்போது உறங்க முடிந்தவர், மெல்லிய காற்றில் பத்துக் கடல்மைல் நகர விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

பாயின் மூலையைக் கட்டி இழுக்கும் கயிற்றைத் தமிழகக் கடற்கரையில் தாமான் என்பர். வலுத்த காற்றில் இறுக்கிப் பிடிக்கப்படும் தாமான், மெல்லிய காற்றில் சற்றே தளர்த்தப்பட்டுப் பாய் வயிறு விட்டு நிற்க விடப்படும். பாயில் ஒட்டியுள்ள சிறு நூலிழைகள் எந்தப் பக்கம் அசைகின்றன என்பதிலேயே கண் நிலைத்திருக்கும். மாலுமி தம் உடல் எடையைக் காற்று ஒதுங்கும் பக்கத்துக்கு மாற்றிப் படகைச் சிறிது சாய்த்து வைப்பார். அப்போதுதான் காற்றில்லாத பாயும் தன் எடையாலேயே வடிவம் குலையாமல் தொங்கும். படகுத் தளத்தில் வேகமாக நடந்தால்கூட அந்த அதிர்வில் பாயில் தங்கிய சிறு காற்று உதிர்ந்துவிடும் என்பதால், நடையும் மெதுவாகிவிடும். முன்பு எங்கோ அடித்த புயலின் அலைகள் காற்றில்லாத கடலிலும் புரண்டு வருவதால், படகு இருபுறமும் உருண்டு, பாய் மரத்தில் அறைந்து அறைந்து கிழிகிறது, கயிறுகள் உராய்ந்து தேய்கின்றன. மெதுவாகச் செல்லும் படகின் அடிப்புறத்தில் கொட்டலசு எனப்படும் ஓட்டுயிர்கள் படிந்து வளர்கின்றன. இருவர் செலுத்தும் படகில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒருவர் உறங்கும் நேரத்தில் தொலைவில் நீர்ப்பரப்பு சுருங்கி ஒரு சிறு காற்று வருவது தெரிந்தால், பாயை மாற்ற அவரை எழுப்புவதா, எழுப்பி முடிப்பதற்குள் அக்காற்று மடிந்துவிடுமா என்று விழித்திருப்பவர் முடிவு செய்ய வேண்டும்.

இச்செயல்களில் எதுவும் காற்றை உண்டாக்குவதில்லை என்பதை இவற்றைச் செய்பவர் நன்கு அறிவார். காற்று வந்தால் அது வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவை செய்யப்படுகின்றன. ஆலையின் மொழியில் காத்திருத்தல் என்றால் செயலின்மை; கடலிலோ காத்திருத்தலே மிக நுட்பமான செயலாக இருக்கிறது.

தமிழ் மரபில் இரு துருவங்கள்

முயற்சியையும் முயற்சிக்கு அப்பாற்பட்டதையும் பற்றிய சிந்தனை தமிழில் நீரோடும் கலங்களின் வழியாகவே பேசப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. புறநானூற்றின் 66ஆம் பாட்டில், வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் காற்றைத் தன் பணிக்கு ஆளாக்கிக் கடலில் கலம் செலுத்தியவனாகப் புகழ்கிறார். காற்று இல்லாதபோது காற்றின் தெய்வத்தையே அழைத்து ஏவல் கொண்டவன் என்று பழைய உரை இதற்கு விளக்கம் தருகிறது. அதே தொகை நூலின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார், ஆற்று வெள்ளத்தின் போக்கில் செல்லும் புணையாக உயிரின் வாழ்வைக் காண்கிறார். முன்னதில் இயற்கை மனிதனின் கட்டளைக்குப் பணிகிறது. பின்னதில் மனிதன் முறையின் ஓட்டத்தில் செல்கிறான்.

திருக்குறள் இவ்விரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்திருக்கிறது. அறத்துப்பாலின் கடைசியில் நிற்கும் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைக் கூற, பொருட்பாலில் வரும் 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமை, தளராது முயல்பவர் ஊழையும் வெல்வர் என்று கூறுகிறது. தெய்வத்தால் ஆகாததாயினும் முயற்சி தன் உழைப்பின் அளவுக்கு ஊதியம் தரும் என்று அவ்வதிகாரம் சொல்லுமிடத்தை, முயற்சி விரும்பிய பலனைத் தந்தே தீரும் என்ற பொருளில் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அங்கே உறுதியளிக்கப்படுவது உழைப்புக்குரிய ஊதியமே தவிர, உழைப்பவர் மனத்தில் குறித்த பலன் அன்று. காற்றில்லாக் கடலில் மாலுமிக்குக் கிடைக்கும் ஊதியம் கிழியாத பாயும், பழகிய கையும், விழிப்பு குன்றாத மனமும் ஆகும். துறைமுகம் அந்த ஊதியத்தில் அடங்கவில்லை.

ஐந்து காரணங்களும் அனுமதியும்

பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம், எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது: செயலுக்கு இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். கடலோட்டத்தில் இவ்வைந்தும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரிந்து நிற்கின்றன. முதல் நான்கும் நிறைந்திருந்தும் ஐந்தாவது இல்லாமையால் செயல் நிற்பதையே காற்றின்மை காட்டுகிறது. இராமானுஜர் தம் கீதா பாஷ்யத்தில் இந்த ஐந்தாம் காரணத்தை முன்வினைப் பயனாகவோ குருட்டு விதியாகவோ கொள்ளவில்லை. ஒவ்வோர் உயிரின் உள்ளேயும் நின்று நடத்தும் அந்தர்யாமியாகிய பரமாத்மாவையே அது குறிக்கிறது என்று உரைக்கிறார். அந்தர்யாமி என்பது உள்ளிருந்து இயக்குபவர் என்று பொருள்படும்.

அவ்வாறாயின் செயலெல்லாம் இறைவனுடையதாகி, மனிதனுக்கு முயற்சியும் பொறுப்பும் இல்லாமற் போகாதா என்ற எதிர்வாதம் உடனே எழுகிறது. இதற்கு இராமானுஜர் தம் பிரம்ம சூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில், பராயத்தாதிகரணம் எனப்படும் பகுதியில் விடை தருகிறார். உயிர் தானே முதல் முயற்சியை மேற்கொள்கிறது; அம்முயற்சியை நோக்கி இறைவன் அனுமதி அளிக்கிறார்; அந்த அனுமதியால்தான் செயல் நிறைவேறுகிறது. இதனை விளக்க அவர் காட்டும் எடுத்துக்காட்டு, இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுப்பது: மற்றவரின் இசைவு இல்லாமல் அக்கொடை செல்லாது, எனினும் கொடுக்க முற்பட்டவர் முதலாமவரே, கொடையின் பயனும் அவரையே சாரும். பட்டாவும் பங்காளிகளின் கையெழுத்தும் இல்லாமல் நிலம் கைமாறாது என்பதைத் தொழிற்பேட்டைகளுக்காக நிலம் எடுக்கப்பட்ட இப்பகுதியின் மக்களுக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

இந்த அனுமதிக் கொள்கையின் நுட்பம், முயற்சியை மெய்யானதாகவும் அதே வேளையில் போதாததாகவும் அது நிலைநிறுத்துவதில் இருக்கிறது. முயற்சி இல்லாவிட்டால் அனுமதிக்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. ஆயினும் முயற்சி அனுமதியை வாங்கிவிடும் விலையும் அன்று. கீதையின் அதே அத்தியாயத்தில் துறவை மூன்றாகப் பிரித்து, பலனைத் துறத்தல், 'என் செயல்' என்ற உரிமையைத் துறத்தல், தானே கர்த்தா என்ற எண்ணத்தைத் துறத்தல் என்று இராமானுஜர் விளக்குவதும் இதன் தொடர்ச்சியே. மூன்றிலும் செயல் கைவிடப்படவில்லை. செயலோடு ஒட்டிக்கொண்ட வணிகக் கணக்கே கைவிடப்படுகிறது.

வியாஜமும் விலக்காமையும்

இராமானுஜருக்குப் பின் வந்த ஆசாரியர்கள் இதே கேள்வியை வீடுபேற்றின் தளத்தில் இன்னும் கூர்மையாக்கினர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை காஞ்சிபுரத்தை அடையும். அங்குள்ள தூப்புலில் 1268இல் பிறந்தவர் வேதாந்த தேசிகர். இறைவனின் அருளுக்கு உயிரின் தரப்பில் ஒரு சிறு முகாந்தரமேனும் வேண்டும், அது அருளுக்கு ஈடாகாது எனினும் அருள் இறங்குவதற்கு ஒரு வாய்ப்பாக நிற்கும் என்று அவர் கொண்டார். இம்முகாந்தரமே வியாஜம் எனப்படும். அவருக்கு மூத்தவரான பிள்ளை லோகாசாரியரோ, அவ்வளவைக்கூட ஒரு காரணமாக எண்ணினால் அருள் விலைப்பொருளாகிவிடும் என அஞ்சி, உயிரிடம் வேண்டப்படுவது வரும் அருளை விலக்காதிருப்பது மட்டுமே என்றார். வடகலை, தென்கலை என்று பின்னர் பெயர் பெற்ற இரு மரபுகளின் இவ்வேறுபாட்டைத் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி விளக்குவது வழக்கம்.

சரணாகதி பற்றிய இவ்வாதம் வீடுபேற்றைக் குறித்ததே அன்றி உலகியல் வெற்றியைக் குறித்தது அன்று என்பதை மறக்கலாகாது. ஆயினும் வாதத்தின் வடிவத்தைக் காற்றில்லாக் கடலில் வைத்துப் பார்த்தால், இரு தரப்பும் எதற்கு அஞ்சுகின்றன என்பது தெளிவாகும். பாயை விரித்து வைப்பது காற்று வருவதற்குக் காரணம் ஆகாது. ஆனால் பாய் சுருட்டிக் கிடந்தால் வந்த காற்றும் படகைக் கடந்து போய்விடும். தேசிகர் வழியில் நிற்பவர் விரித்த பாயை வியாஜம் என்பார். லோகாசாரியர் வழியில் நிற்பவர் அதனை விலக்காமை என்பார். படகில் இரு தரப்பாரும் செய்வது ஒன்றே. உயிரிடம் எதுவுமே வேண்டப்படாவிட்டால் ஒருவருக்கு அருளி மற்றவரைக் கைவிடும் இறைவன் ஓரவஞ்சகன் ஆகிவிடுவானே என்பது முன்னவரின் அச்சம். பாயை விரித்தவன் காற்றைத் தன் உரிமையாகக் கேட்கத் தொடங்கிவிடுவானே என்பது பின்னவரின் அச்சம். இரண்டும் நியாயமான அச்சங்களே. அனுமதிக் கொள்கை ஒரு பக்கம் சாய்ந்து சோம்பலாகவும், மறுபக்கம் சாய்ந்து பேரமாகவும் சரிந்துவிடாமல் இவை காவல் நிற்கின்றன.

பின்தொடர்பவரின் வேண்டுதல்

கோல்டன் குளோப் போன்ற பந்தயங்களுக்குக் கடலில் இருப்பவரைத் தவிர இன்னொரு தரப்பும் உண்டு. படகில் பொருத்திய கருவி செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் இருப்பிடக் குறிகளைக் கரையில் இருப்போர் வரைபடத்தில் நாள்தோறும் பின்தொடர்கின்றனர். அதே வரைபடத்தைப் படகில் இருப்பவர் பார்க்க இயலாது. முடிவுக்கோட்டைத் தொடும் வரை தாமே முதலிடத்தில் இருப்பது நாய்ஷேஃபருக்குத் தெரியாது. கரையில் இருந்தோர் அனைவருக்கும் அது தெரியும். அறிபவரால் எதுவும் செய்ய இயலாது, செய்பவருக்கோ எதுவும் தெரியாது என்ற இந்தப் பிளவில், பின்தொடர்பவர் வெறும் சாட்சியாக நிற்கிறார். இராமானுஜரின் அந்தர்யாமி இத்தகைய சாட்சி அல்லர்; அறிவும் இசைவும் அவரிடம் பிரியாமல் இருக்கின்றன.

பின்தொடர்பவர் வேண்டிக்கொள்ளும்போது ஒரு சமயச் சிக்கல் எழுகிறது. நாய்ஷேஃபர் காற்றின்மையில் நின்ற நாட்களில் டோமிக்கும் அவருக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது. ஆகவே இந்திய ஆர்வலர்களுக்கு அக்காற்றின்மை நற்செய்தி. 2018ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு காயமுற்று மீட்கப்பட்ட டோமி, மீண்டும் அதே பந்தயத்தில் இறங்கியவர் என்பதால், அவருக்காக வேண்டியவர்களின் உள்ளத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நாய்ஷேஃபரும் அதே பந்தயத்தின் நடுவே தம் வழியை விட்டு விலகிச் சென்று, படகு மூழ்கிய சக போட்டியாளரான டாபியோ லேஹ்டினனைக் காப்பாற்றியவர். ஒருவருக்காகக் காற்றை வேண்டுவது மற்றவருக்காகக் காற்றின்மையை வேண்டுவதாகிவிடும் இடத்தில், வேண்டுதலுக்கு என்ன தகுதி இருக்கிறது? இறைவனுக்கு ஓரவஞ்சனையும் கொடுமையும் இல்லை என்று நிறுவும் பிரம்ம சூத்திரப் பகுதிக்கு உரை எழுதும்போது, உலகின் ஏற்றத்தாழ்வுகளுக்கு உயிர்களின் வினையையே இராமானுஜர் காரணமாகக் காட்டுகிறார். ஆயினும் அக்கொள்கையை இங்கே கொண்டுவந்து, இன்னாரின் இன்ன வினையால் இன்ன நாளில் காற்று நின்றது என்று கரையில் இருப்பவர் தீர்ப்பளிப்பதற்கு எந்த உரிமையும் இல்லை. பின்தொடர்பவர் பிழையின்றி வேண்டக்கூடியது, இருவரின் பாய்களும் விரிந்தே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான்.

விலையாகக் கொண்டவரும் கொள்ளாதவரும்

முயற்சியை விலையாகக் கொள்வதும் கொள்ளாததும் நடைமுறையில் எவ்வளவு வேறுபட்ட முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதை 1968ஆம் ஆண்டின் முதற்பந்தயம் காட்டுகிறது. அதில் கலந்துகொண்ட டொனால்டு குரோஹர்ஸ்ட், 1932இல் காசியாபாத்தில் பிறந்த ஆங்கிலேயர்; பந்தயத்துக்காகத் தம் தொழிலையும் வீட்டையும் பணயம் வைத்தவர். படகு தெற்குப் பெருங்கடலுக்குத் தாங்காது என்பதை உணர்ந்த பின், அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்து, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இருப்பிடங்களை வானொலியில் அறிவித்தார். 1969 ஜூலை 10ஆம் நாள் அவருடைய படகு ஆளின்றி மிதந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. கட்டிய விலைக்குப் பலன் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் சிக்கியவர், பலன் வராதபோது அதனைக் காகிதத்தில் உண்டாக்க வேண்டியவராகிறார். அதே பந்தயத்தில் வெல்லக்கூடிய நிலையில் இருந்த பெர்னார் முவாத்தெசியே, முடிவுக்கோட்டை நோக்கித் திரும்பாமல் பந்தயத்தைக் கைவிட்டு, மேலும் கிழக்கே ஓடி தஹிதி தீவை அடைந்தார். பலனைத் துறந்தும் செயலைத் துறக்காத அவரிடம், இராமானுஜர் கூறும் மூன்று துறவுகளில் முதலாவது தென்படுகிறது.

பந்தயத்தை முடித்த ஒரே ஒருவரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட சுஹைலி என்னும் சிறு படகில் 312 நாட்கள் ஓடி, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் கரை சேர்ந்தார். பரிசாகக் கிடைத்த 5000 பவுண்டையும் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். தம் உழைப்பின் விலை என்று அப்பணத்தை எண்ணியிருந்தால், பொய் சொன்ன ஒருவரின் குடும்பத்துக்கு அதைக் கொடுத்திருக்க முடியாது.

கொள்கையின் எல்லை

இக்கொள்கையை ஸ்ரீபெரும்புதூரின் ஆலைகளுக்குத் திருப்பும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆலைகளிலும் லைன் நிற்பதுண்டு. 2021இல் குறைகடத்திச் சில்லுகளின் தட்டுப்பாட்டால் உலகெங்கும் வாகன ஆலைகள் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. அதற்கு முன்பே, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கப்பட்ட நோக்கியா கைபேசி ஆலை, வரி வழக்கு ஒன்றின் காரணமாக மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குக் கைமாறாமல் விடுபட்டு, 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது; அங்கே பணிபுரிந்த ஆயிரக்கணக்கானோரில் பெண்கள் ஏராளம். அவர்களுடைய உழைப்பில் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஐந்து காரணங்களில் நான்கு அவர்களிடம் நிறைந்திருந்தன என்று சொல்லி, ஐந்தாவதைத் தெய்வத்தின் மேல் ஏற்றிவிடுவது எளிது.

அவ்வாறு ஏற்றுவது இராமானுஜரின் வாதத்துக்கே முரணானது. அமைதி மண்டலத்தில் காற்று நிற்பதற்கு எவரும் கையெழுத்திடவில்லை. ஓர் ஆலை நிற்பதற்கோ கையெழுத்திட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காரணம் கேட்கலாம், மாற்றும்படி கோரலாம், நீதிமன்றம் செல்லலாம். மனிதர் தர மறுத்த இசைவை இறைவன் தராத அனுமதியாகக் கொள்வது, அந்தர்யாமியின் இடத்தில் நிறுவனத்தை அமர்த்துவதாகும். இறைவனுக்கு ஓரவஞ்சனை இல்லை என்று நிறுவப் பாடுபட்ட ஒரு மரபு அதனை ஏற்க இயலாது. பணிவுடன் காத்திருத்தல் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் இல்லாத இடத்துக்குரிய ஒழுக்கம். கடமைப்பட்டவர் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்பதே முதல் முயற்சியாகும், அதைச் செய்யாதவர் பாயைச் சுருட்டி வைத்தவர் ஆவார்.

காற்றில்லாக் கடல் கற்பிப்பதும், ஆலை கற்பிக்க மறப்பதும் இவ்வேறுபாட்டோடு சேர்த்துப் பார்க்கும்போதே முழுமை பெறுகின்றன. முயற்சி விலையாக இருந்தால், பலன் வராத ஒவ்வொருவரும் ஏமாற்றப்பட்டவராகவோ ஏமாற்றுபவராகவோ ஆகிவிடுவர். உழைத்தும் வேலை இழந்தவர் தம்மையே குற்றவாளியாகக் கருத நேரும், வெற்றி பெற்றவர் தம் வெற்றி முழுவதையும் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்வார். முயற்சியைத் தன் தரப்பில் முழுமையாகச் செய்து, அது நிறைவேற இன்னோர் இசைவு வேண்டும் என்பதையும் ஏற்பவருக்கு இவ்விரண்டு தீங்குகளும் நேர்வதில்லை. தோல்வி தம் தகுதியின் தீர்ப்பு அன்று என்பதும், வெற்றி தமக்கு மட்டுமே உரியது அன்று என்பதும் அவருக்கு ஒரே உண்மையின் இரு பக்கங்களாகத் தெரியும். அதனால் அவர் தோற்றவரை இகழவும் மாட்டார், பலன் வரவில்லை என்பதற்காகச் செய்வதை நிறுத்தவும் மாட்டார்.